கையில் வெட்டு, உள்ளே கண்ணாடி: குறியீடு எங்கே தவறுகிறது?

கேள்வி இதுதான்: மெடிக்கல் கோடிங்கில் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) சேர்ந்து எட்டு மாதமான ஒருவருக்கு எமர்ஜென்சி சார்ட் ஒன்று வந்தது. முடிவு டயக்னோசிஸில் டாக்டர் எழுதியிருந்தது: "வலது ஆர்ம் லாசரேஷன், உள்ளே கண்ணாடித் துண்டு, எடுக்கப்பட்டது, தையல் போடப்பட்டது." லாசரேஷன் என்றால் வெட்டுப்பட்ட அல்லது கிழிந்த காயம். அந்தக் கோடர் எஸ்41.121ஏ (காயத்துக்கு), 10120 (கண்ணாடியை எடுத்ததற்கு), 12002 (தையலுக்கு) என்று மூன்று குறியீடுகள் போட்டார். ஆடிட்டர் முதல் இரண்டும் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். சார்ட்டின் மற்ற பகுதிகளையும் கேள்வி கேட்டவர் எடுத்து எழுதியிருக்கிறார். பரிசோதனைக் குறிப்பில், "வலது முன்கையின் உட்புறம், 4 செ.மீ. வெட்டு". எக்ஸ்ரே ரிப்போர்ட்டில், "வலது முன்கை, ஒரு அந்நியப் பொருள் தெரிகிறது". சிகிச்சைக் குறிப்பில், "ஃபோர்செப்ஸால் கண்ணாடி எடுக்கப்பட்டது, சலைனால் கழுவி, ஒரே அடுக்கில் நைலான் தையல்". நர்ஸ் குறிப்பில், "வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்தபோது உடைந்த டம்ளரில் கை பட்டது".

உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. ஆனால் "தவறு" என்ற ஒரு சொல்லோடு அவர் நிறுத்தியிருக்கக் கூடாது. இந்த இரண்டு தவறுகளையும் நான் ஆடிட் செய்யும் சார்ட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே: டாக்டர் கடைசியில் எழுதிய ஒற்றை வரியை மட்டும் பார்த்துக் குறியீடு போடுவது. அந்த வரி, வேலை முடிந்த களைப்பில் எழுதும் சுருக்கம். குறியீட்டுக்கு வேண்டிய விவரம் பெரும்பாலும் பரிசோதனைக் குறிப்பிலும் சிகிச்சைக் குறிப்பிலும்தான் கிடக்கும்.

முதலில் இடம். தமிழில் "கை" என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கைதான். ஆங்கிலத்தில் "ஆர்ம்" என்று சொல்லும் டாக்டரும் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் உடற்கூறியலிலும், அதைப் பின்பற்றும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மிலும், ஆர்ம் என்றால் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கை மட்டும். இன்டெக்ஸில் ஆர்ம் என்று தேடினால் அது உங்களை நேராக எஸ்41-க்கு அழைத்துப் போய்விடும். எஸ்41 தோளுக்கும் மேற்கைக்கும், எஸ்51 முழங்கைக்கும் முன்கைக்கும், எஸ்61 மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்களுக்கும். ஒரே "கை" மூன்று பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. உங்கள் நோயாளியின் வெட்டு முன்கையில். எனவே எஸ்51.82 வரிசை, வலது பக்கம், முதல் சிகிச்சை: எஸ்51.821ஏ.

"டயக்னோசிஸில் ஆர்ம் என்று இருக்கிறதே, பரிசோதனையில் முன்கை என்று இருப்பது முரண்பாடு இல்லையா?" என்று கேட்பீர்கள். முரண்பாடு இல்லை. ஒன்று பொதுச்சொல், மற்றொன்று அதே டாக்டர் எழுதிய துல்லியமான சொல், துல்லியமானதை எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் வலது, மற்றோரிடத்தில் இடது என்று இருந்தால்தான் அது முரண்பாடு. அப்போது ஊகிக்காமல் டாக்டரிடமே கேட்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை டாக்டர் எழுதவே இல்லை, ஆனால் நர்ஸ் எழுதியிருக்கிறார் என்றால், பக்கத்துக்கு மட்டும் அந்தக் குறிப்பைப் பயன்படுத்த வழிகாட்டி நெறிகள் அனுமதிக்கின்றன. ஆகவே 9-இல் முடியும் "பக்கம் குறிப்பிடப்படாதது" என்ற குறியீட்டுக்கு மிக அரிதாகத்தான் வேலை இருக்கும்.

அடுத்தது காயத்தின் வகை. இதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் இங்கே நடக்கும் இழப்பு கண்ணுக்கே தெரியாது. எஸ்41, எஸ்51 இரண்டிலும் திறந்த காயம் ஆறு வகையாகப் பிரிகிறது: வகை சொல்லப்படாதது, அந்நியப் பொருள் இல்லாத லாசரேஷன், அந்நியப் பொருளோடு கூடிய லாசரேஷன், இதே இரண்டு நிலைகள் பங்க்சருக்கு (குத்துக்காயம்), பிறகு கடிகாயம். முன்கைக்கு எஸ்51.81 பொருள் இல்லாத லாசரேஷன், எஸ்51.82 பொருளோடு கூடியது, எஸ்51.83 பொருள் இல்லாத குத்துக்காயம், எஸ்51.84 பொருளோடு கூடியது. மேற்கையில் அதே வரிசை எஸ்41.11 முதல் எஸ்41.14 வரை. இப்போது டாக்டர் "முன்கையில் காயம், உள்ளே முள், எடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி, வெட்டா குத்தா என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? வகை தெரியாததால் எஸ்51.80 வரிசைக்குப் போகிறீர்கள். அந்த வரிசையில் "அந்நியப் பொருளோடு" என்ற பிரிவே கிடையாது. முள் சார்ட்டில் இருக்கிறது, குறியீட்டில் மறைந்துவிடுகிறது. இனி அந்தக் குறியீட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கைக்குள் ஏதோ இருந்தது என்பதே தெரியாது. வகையைச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புவது தகும்.

கடிகாயத்திலும் அப்படித்தான்: கடித்ததன் பல் துண்டு உள்ளே இருந்தாலும் கடிகாய வரிசையில் அந்நியப் பொருளுக்குத் தனி இடம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் இந்தப் பிரிவினை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே "திறந்த காயம்" என்ற தலைப்புக்குள்ளேயே வெட்டு, குத்து, விலங்குக் கடி, அந்நியப் பொருளோடு கூடியது எல்லாம் அடங்கிவிடும். வலது இடது கணக்கும் கிடையாது. நாம் பேசுவது அமெரிக்காவின் சிஎம் பதிப்பை. அது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த ஐசிடி-9-சிஎம்மில் அந்நியப் பொருள், கிருமித்தொற்று, தாமதமான சிகிச்சை எல்லாம் "சிக்கலான காயம்" என்ற ஒரே பெட்டிக்குள் கிடந்தன. அந்தக் காலத்தில் பழகியவர்கள் இன்றும் சில சமயம், கண்ணாடியோடு வந்த காயத்தில் சீழ் இருந்தால், ஒரே குறியீடு இரண்டையும் சொல்லிவிடும் என்று நினைக்கிறார்கள். சொல்லாது. காயத்துக்கு எஸ் குறியீடு, தொற்றுக்குத் தனிக் குறியீடு. வலது கையில் செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடியிலும் பரவும் தொற்று) என்றால் எல்03.113, இடது என்றால் எல்03.114. இங்கே மட்டும் மேற்கை, முன்கை என்ற பிரிவு இல்லை, விரல்களும் அக்குளும் நீங்கலாக முழுக் கைக்கும் ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி: "கண்ணாடியை எடுத்தாகிவிட்டதே, பிறகு ஏன் அந்நியப் பொருளோடு என்று போட வேண்டும்?" நோயாளி சிகிச்சைக்கு வந்தபோது காயம் எந்த நிலையில் இருந்ததோ அதைத்தான் குறியீடு சொல்கிறது. எடுத்தது சிகிச்சை, சிகிச்சை நடந்ததால் டயக்னோசிஸ் மாறாது. பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தாலும் அதே எஸ்51.821தான், ஏழாவது எழுத்து மட்டும் டி ஆகும். அந்த வருகைக்கு இசட் வரிசையிலிருந்து ஆஃப்டர்கேர் குறியீடு எடுக்காதீர்கள். காயங்களின் தொடர் பராமரிப்பை ஏழாவது எழுத்தே சொல்லிவிடுகிறது. மாறாக, நோயாளி வீட்டிலேயே ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார், டாக்டர் ஆராய்ந்து உள்ளே எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார் என்றால், அது பொருள் இல்லாத குத்துக்காயம். ஆணி, காயம் எப்படி நேர்ந்தது என்று சொல்லும் காரணக் குறியீட்டுக்கு மட்டும் போகும்.

மேலோட்டமாகத் தோலில் ஏறிய சிம்பு வேறு கதை. பெரிய திறந்த காயம் இல்லை, தோலின் மேலடுக்கில் மரச்சிம்பு, ஊசியால் நெம்பி எடுத்தார்கள் என்றால் அது எஸ்41-ம் இல்லை, எஸ்51-ம் இல்லை. மேற்கைக்கு எஸ்40.85, முழங்கைக்கு எஸ்50.35, முன்கைக்கு எஸ்50.85. "எம்பெடட்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஆழமான காயம் என்று தாவிவிட வேண்டாம். எவ்வளவு ஆழம், எந்த அடுக்கு என்பதை டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏழாவது எழுத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ஏ என்றால் முதல் வருகை என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது தீவிர சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும் உரியது. எமர்ஜென்சியில் பார்த்தவர் சர்ஜனிடம் அனுப்பி, சர்ஜன் மறுநாள் கண்ணாடியை எடுத்தால் அவருக்கும் ஏ-தான். ஆறும் கட்டத்தில் டி. காயம் ஆறிப் பின்விளைவு ஏதேனும் நின்றால் எஸ். அப்போது பின்விளைவு முதலில், காயக் குறியீடு எஸ் எழுத்தோடு அதன் பின்னே. முன்கைத் தழும்புக்காக வந்தவருக்கு எல்90.5 முதலில், எஸ்51.821எஸ் இரண்டாவது.

ஆறிய காயத்துக்குள் பழைய துண்டு தங்கியிருப்பது இதிலிருந்து வேறுபட்டது. சில வருடங்களுக்கு முன்பு நான் பார்த்த ஒரு சார்ட்டை இன்னும் மறக்க முடியவில்லை. மேற்கையில் முள் குத்தியவர் முதல் வருகையில் எக்ஸ்ரே எடுத்தார், "ஒன்றும் தெரியவில்லை" என்று அனுப்பப்பட்டார். மாதங்கள் கழித்து அதே இடத்தில் கட்டியோடு திரும்பி வந்தார், உள்ளே முள்ளின் துண்டு இருந்தது. கண்ணாடியும் உலோகமும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். மரம், முள், பிளாஸ்டிக் பொதுவாகத் தெரியாது; அதற்கு அல்ட்ராசவுண்ட் உதவும். அந்த முதல் குறிப்பில் காயத்தைத் திறந்து அடிவரை பார்த்தாரா என்று ஒரு வரிகூட இல்லை. "எக்ஸ்ரேயில் தெரியவில்லை" என்பதும் "அந்நியப் பொருள் இல்லை" என்பதும் ஒன்றல்ல. இதில் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் குறிப்பில் அந்த முடிவு இல்லை என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டியவர் கோடர்.

அப்படிப் பிந்தி வருபவருக்குக் குறியீடு என்ன? திசுவில் தங்கிப்போன பொருள் என்றால் எம்79.5. அதைச் சுற்றிக் கிரானுலோமா (அழற்சியால் உருவாகும் சிறு கட்டி) ஆகிவிட்டது என்று டாக்டர் எழுதியிருந்தால் எம்79.5 கூடாது, தோலில் எல்92.3, மென்திசுவில் எம்60.2 வரிசை. இரண்டையும் சேர்த்துப் போடுவதை எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பே தடுக்கிறது. தங்கியிருக்கும் பொருள் எது என்பதை இசட்18 வரிசை சொல்லும்: கண்ணாடிக்கு இசட்18.81, மரத்துக்கு இசட்18.33, பிளாஸ்டிக்குக்கு இசட்18.2, காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்துக்கு இசட்18.11, ஈர்க்கப்படாததற்கு இசட்18.12. கடைசி இரண்டையும் அலட்சியமாக விடாதீர்கள். உடம்பில் இரும்புத் துண்டு இருப்பவரை எம்ஆர்ஐ அறைக்குள் அனுப்புவதற்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. முழுவதும் எடுத்துவிட்ட பழைய கதை என்றால் இசட்87.821. அறுவை சிகிச்சையின்போது தவறுதலாக உள்ளே விடப்பட்ட பொருளுக்கு டி81.5 (T81.5) வரிசை தனியாக இருக்கிறது. அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

இனி உங்கள் 10120. அந்தக் குறியீட்டின் பெயரே "கீறி அந்நியப் பொருளை அகற்றுதல்" என்பது. கீறல் என்றால் டாக்டர் கத்தியால் கீறியிருக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் கண்ணாடி ஏற்கெனவே செய்து வைத்த திறப்பின் வழியாகவே ஃபோர்செப்ஸ் போய் வந்தது. திறந்த காயத்துக்குள் பார்ப்பது, கழுவுவது, கைக்கு அகப்படும் துண்டை எடுப்பது எல்லாம் தையல் வேலைக்குள் அடங்கியவை. தனிப் பணம் கேட்டால் டினையல் (மறுப்பு) வரும். வராமல் பணம் கிடைத்துவிட்டால் பிறகு ஆடிட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். முள் ஏறிய துளை மூடிக்கொண்டது, டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்தார் என்றால் 10120 முழு உரிமையோடு நிற்கும். சிக்கலானது என்றால் 10121. எது சிக்கல் என்பதற்கு சிபிடியில் (சிகிச்சைக் குறியீட்டுத் தொகுப்பு) அளவுகோல் இல்லை, அது டாக்டரின் மதிப்பீடு. ஆகையால் ஏன் சிக்கலானது என்று அவர் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

தோலைத் தாண்டி உள்ளே போனால் குறியீடுகள் உடற்பகுதிவாரியாக மாறும். மேற்கை, முழங்கைப் பகுதியில் தோலடித் திசு வரை 24200, தசையுறைக்குக் கீழே அல்லது தசைக்குள் என்றால் 24201. முன்கை, மணிக்கட்டில் ஆழமான பொருளைத் தேடி எடுத்தால் 25248. "டீப்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதாது. தசையுறையைக் கடந்தாரா என்பதுதான் கேள்வி. பல டாக்டர்களுக்கு இந்தச் சொல் குறியீட்டில் இவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பது தெரியாது. சொன்னால் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள்.

தையலில் உங்கள் 12002 சரி. 4 செ.மீ. என்பது 2.6 முதல் 7.5 வரையிலான படியில் விழுகிறது, ஓர் அடுக்குத் தையல், எளிய வகை. இரண்டு வெட்டுகள் இருந்தால், ஒரே வகைத் தையலும் ஒரே உடற்பகுதிக் குழுவுமாக இருந்தால், நீளங்களைக் கூட்டி ஒரே குறியீடு போட வேண்டும். எளிய தையலில் கையும் உள்ளங்கையும் ஒரே குழு. இடைநிலைத் தையலுக்குப் போனால் உள்ளங்கை தனிக் குழுவுக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். அடுக்கடுக்காகத் தைத்தால் இடைநிலை, முன்கைக்கு இதே நீளத்தில் 12032. அந்நியப் பொருள் தையலின் தரத்தை மாற்றும் இடமும் இதுதான்: மண்ணும் சரளையும் அப்பிய காயத்தை விரிவாகச் சுத்தம் செய்து துகள்களை நீக்கினால், தையல் ஓர் அடுக்கே ஆனாலும் அது இடைநிலை ஆகலாம். அதற்கு எவ்வளவு அசுத்தம், என்ன செய்தார் என்று குறிப்பு பேச வேண்டும். ஒற்றைக் கண்ணாடித் துண்டு அந்தக் கணக்கில் வராது. நீளம் எழுதப்படாத தையல் குறிப்பைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். செய்த வேலைக்கு உரிய கூலியை ஓர் எண் எழுதாததால் இழக்கிறார்கள்.

நரம்பு, ரத்தக்குழாய், தசைநாண் அறுந்திருந்தால் அவற்றுக்குத் தனிக் குறியீடு உண்டு: முன்கையில் எஸ்54, எஸ்55, எஸ்56. சேதம் சிறியது என்றால் காயம் முதலில். நரம்போ குழாயோதான் முதன்மைச் சேதம் என்றால் அது முதலில். எலும்பு முறிந்து அந்தக் காயம் வழியே திறந்திருந்தால் எஸ்51 போடாமல், திறந்த முறிவுக்கான ஏழாவது எழுத்தோடு எஸ்52 போட வேண்டும்.

காரணக் குறியீட்டை நீங்கள் போடவே இல்லை. கண்ணாடி என்றதும் பலர் டபிள்யூ25-க்குப் போவார்கள். உங்கள் நோயாளி வழுக்கி விழுந்து கண்ணாடியில் மோதினார், அதற்கென்றே டபிள்யூ01.110ஏ இருக்கிறது. விழாமல் கையில் இருந்த டம்ளர் உடைந்து கிழித்திருந்தால்தான் டபிள்யூ25.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ. இடம் வீட்டுச் சமையலறை, எந்த வகை வீடு என்று தெரியாததால் ஒய்92.000. இடத்தைச் சொல்லும் இந்தக் குறியீடு முதல் முறை மட்டும் போதும். காரணக் குறியீடுகள் எப்போதும் காயத்துக்குப் பின்னால்தான்.

ஆகவே இந்தச் சார்ட் எஸ்51.821ஏ, டபிள்யூ01.110ஏ, ஒய்92.000, சிகிச்சைக்கு 12002 என்று திரும்பிப் போகலாம். ஆனால் அனுப்பும் முன் டாக்டருக்கு ஒரு க்வெரி எழுதுவேன், ஏனென்றால் கண்ணாடி முழுவதும் வந்துவிட்டதா என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்று தெரிந்தது, ஒன்று எடுக்கப்பட்டது என்பதை வைத்து நாமே கூட்டிக் கழித்து முடிவு செய்யக் கூடாது. "முழுவதும் எடுத்துவிட்டீர்கள்தானே?" என்று பதிலை நாமே ஊட்டுவதும் கூடாது, க்வெரி என்றால் டாக்டரின் வாயில் சொல்லை வைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வலது முன்கை லாசரேஷன் குறிப்பில் கண்ணாடித் துண்டு எடுக்கப்பட்டதாக உள்ளது. எடுத்த பிறகு காயத்தின் நிலையைத் தங்கள் மருத்துவ முடிவின்படி பதிவு செய்ய வேண்டுகிறேன்: (1) காயத்தின் அடிப்பகுதி வரை பார்க்கப்பட்டது, மீதித் துண்டு இல்லை; (2) மீதித் துண்டு உள்ளது (காரணமும் இடமும் எழுதவும்); (3) தீர்மானிக்க இயலவில்லை; (4) வேறு (விளக்கவும்)."